இரண்டாம் தண்ணீர்

என் இடது மார்பை மலாக்காவில் எடுத்தார்கள். அது இருந்த இடத்தைச் சிங்கப்பூரில் சுட்டார்கள். இரண்டையும் செய்தவர்கள் நல்லவர்கள், இன்றைக்கும் அவர்களை நினைத்துக் கும்பிடுகிறேன். இதை மூடி மறைத்துச் சொல்ல எனக்கு வராது. மலாக்கா காஜா பேராங்கில் என் வீட்டுக்கு என்னைப் பார்க்க வருகிற பெண்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு அவர்கள் கண் தானாகக் கீழே இறங்கும். அதற்குப் பிறகு காப்பி ஆறும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்க ஆசை, கேட்க வாய் வராது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருஷம் அது. குளிக்கும்போது விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பட்டாணி அளவு இருக்கும், வலியே இல்லை. வலிக்காத கட்டியைத்தான் சீக்கிரம் காட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இதில் வேறு எதை மறந்தாலும் அந்த ஒன்றை மறக்காதீர்கள். கட்டியிலிருந்து துளி சதையைக் கிள்ளி எடுத்து, மெல்லிய துண்டாக்கிப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் எங்களை உட்காரவைத்து, "புற்று" என்றார்.

என் வீட்டுக்காரர் ஜாசின் ரூட்டில் பஸ் ஓட்டுகிறவர். பேச்சு குறைவு. அன்றைக்கு அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"எவ்வளவு தூரம் போகணும், டாக்டர்?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. பஸ் ஓட்டுகிறவருக்கு எல்லாமே தூரந்தான். பிறகு டாக்டரும் அதே கணக்கில், "சிங்கப்பூர் வரை. ஆனால் முதலில் இங்கே கத்தி வைக்க வேண்டும்" என்றார்.

அறுவைக்குப் பிறகு இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மார்போடு சேர்த்து அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்திருந்தார்கள், புற்று முதலில் போய் ஒளிந்துகொள்கிற இடம் அதுதானாம். கை தூக்க முடியாதவள் தலை எப்படிப் பின்னிக்கொள்வாள்? வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு பார்வை நேரத்துக்கு வருவார், சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுப்பார், கட்டிலுக்குப் பின்னால் நின்று எனக்குப் பின்னல் போடுவார். வார்டுப் பெண்கள் சும்மா விடுவார்களா?

"டிரைவர் அண்ணே, வளைவு வருது, ஸ்டியரிங்க நல்லா ஒடிங்க!"

அவர் திரும்பிப் பார்க்காமல் பின்னிக்கொண்டே இருப்பார். பின்னல் காது ஓரமாக எங்கேயோ கிளம்பி எங்கேயோ போய் முடியும். கத்தி வைத்தபோது அழாத நான், அந்தக் கோணல் பின்னலைத் தடவிப் பார்த்து அழுதேன்.

காயம் ஆறியதும் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். தம்பின் வரை பஸ், அங்கிருந்து ரயில். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பினோம். ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டில் அதிகம் காசு கேட்கவில்லை. போக்குவரத்துச் செலவுதான் கையைக் கடித்தது, அதற்கு என் கம்மல் போனது. போகட்டும், காது இருக்கிறது.

கண்ணுக்குத் தெரிகிறதைக் கத்தி எடுத்துவிடும், தெரியாமல் மிச்சம் இருக்கிறதைக் கதிர் கருக்கும் என்று சொன்னார்கள். முதல் நாள் ஒருவர் வந்து என் நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டார், நிலம் அளந்து கல் நடுகிறவரைப் போல அவ்வளவு நிதானமாக. கதிர் முடியும்வரை கோடு அழியக் கூடாது. அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது, சோப்பு, மஞ்சள், பவுடர், விபூதி எதுவும் கூடாது.

அடுத்த கட்டிலில் அஞ்சலை இருந்தாள். ஜாசின் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டுகிறவள், என்னைவிட இளையவள், அதே வியாதி, அதே பக்கம். தன் நெஞ்சுக் கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"ராஜக்கா, இது அம்ம போட்ட மாதிரில்ல இருக்கு! குளிக்கக் கூடாது, மஞ்ச தேய்க்கக் கூடாது, தனியாப் படுக்கணும். வேப்பலதான் கொறச்சல்."

நான் சிரித்தேன். அந்தப் பேச்சு எங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியாது.

கதிர் அறையைப் பற்றிச் சொல்ல எனக்குப் போதிய வார்த்தை இல்லை. பலகையில் படுக்கவைத்து, பெரிய குழாய் போன்ற ஒன்றை நெஞ்சுக்கு நேராகத் திருப்பி வைத்து, "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கனத்த கதவு சாத்தப்படும். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் மட்டும் தெரியும். மெல்லிய இரைச்சல் கேட்கும். அவ்வளவுதான். சூடு இல்லை, வெளிச்சம் இல்லை, தொடுவது எதுவும் இல்லை. அத்தனை படித்தவர்கள் ஒதுங்கி நிற்கிற ஒன்று என் தோலைத் தாண்டி உள்ளே போய், நல்லதை விட்டுக் கெட்டதைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமி சன்னதியில்கூட நான் அப்படி மூச்சை அடக்கி நின்றதில்லை.

"என்னாக்கா தெரிஞ்சிச்சி?" என்று ஒவ்வொரு முறையும் அஞ்சலை கேட்பாள்.

"ஒன்னும் தெரியல."

"எனக்குந்தான். ஆனா உள்ள வேல நடக்குதுக்கா."

வேலை நடந்தது. தோல் சிவந்தது, கறுத்தது, பிறகு உரிந்தது. சோற்று வாடை பட்டாலே குமட்டியது. மிஸ்ஸி எஸ்தர் இல்லாவிட்டால் நாங்கள் பாதியில் ரயில் ஏறியிருப்போம். எங்கள் பக்கத்தில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். எஸ்தர் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண், கழுத்தில் சிலுவை, வாயில் அதட்டல். வீட்டுக்கு அனுப்பும் நாளில் எங்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்தார்.

"கதிரு முடிஞ்சிது. ஆனா நாங்க பாக்கறது முடியல. இது திரும்பி வர்ற வியாதி. வந்தா சின்னதா இருக்கறப்பவே பிடிக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டணும். வரலேன்னா நான் போன் போடுவேன். பெரிய டாக்டர்கிட்ட சண்ட போட்டு அதுக்கு உத்தரவு வாங்கியிருக்கேன். எங்க கூப்பிடறது?"

நான் எங்கள் தெருமுனைச் சீனர் கடையைச் சொன்னேன். அஞ்சலைக்கு எஸ்டேட் ஆபீஸ்தான். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒரு பால் வெட்டுக்காரியைப் போனுக்குக் கூப்பிட்டு விடுவாரா என்று மூன்று பேருக்குமே சந்தேகம். எஸ்தர் என்னைப் பார்த்தார். "அப்ப இந்தப் பிள்ளைக்கு நீங்கதான் நடுவுல ஆளு" என்றார். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுத் தேவகி எனக்கு முன்னால் வாசலில் நின்றாள். அவள் மலாக்காச் செட்டிப் பெண். தமிழ் வழி வந்தவர்கள்தான், சாமி நம் சாமிதான், வீட்டில் பேசுவது மட்டும் அவர்களுடைய மலாய். என்னை அக்கா என்பாள், மற்றதெல்லாம் மலாயில் வரும், நானும் கடைத்தெருவில் கற்ற என் பசார் மலாயில் பதில் சொல்வேன். எங்கள் காஜா பேராங்கில் அவர்கள் மாரியம்மனுக்கு எடுக்கும் திருவிழாவின் பெயரே டத்தோ சாச்சார், அம்மைத் தெய்வம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட தெருவில், குளிக்காமல் நெஞ்சில் கோட்டோடு ஒருத்தி வந்து இறங்கினால் என்ன நடக்கும்?

தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அம்மை இறங்கியவளுக்கு ஊற்றுகிற மாதிரியே, அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணீர். சுட்ட இடத்தில் மஞ்சள் படாமல் கையால் மறைத்துக்கொண்டேன், எஸ்தரின் முகம் கண்ணில் நின்றதால். தண்ணீர் தலையில் விழுந்தபோது எல்லாம் கழுவிக்கொண்டு போன மாதிரி இருந்தது. "இறங்கிவிட்டது" என்றாள் தேவகி. தெருவே சந்தோஷப்பட்டது. தண்ணீர் ஊற்றிய பிறகு ஆஸ்பத்திரியைப் பற்றி யாரும் பேசவில்லை. காட்ட வேண்டிய நாள் வந்தது, போனது. எனக்கும் போக மனமில்லை.

பிறகு ஒரு மத்தியானம் தெருமுனைக் கடைத் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, பனியனோடு ஓடிவந்தார். "சிங்காப்பூரா. டெலிபோன்" என்றார் மலாயில். அவர் முகமே வெளுத்திருந்தது. எங்கள் தெருவுக்கு டெலிபோன் வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம், வேறு எதற்கு அங்கே டெலிபோன் வந்திருக்கிறது? தேவகி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள். கடையில் ரிசீவரைக் கையில் தருவதற்கு முன் தவுக்கே தாழ்ந்த குரலில் கேட்டார், "சியாப்பா மாத்தி?" யார் செத்தது என்று.

எனக்குத் தெரியவில்லை. வாங்கிக் காதில் வைத்தேன்.

"ராஜம்மா? எஸ்தர் பேசறேன். பசியாறியாச்சா?"

ஜொகூர்க் காட்டையும் கடலையும் தாண்டி ஒரு குரல் வருகிறது, நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறது. பெரிய ஆஸ்பத்திரி, வெள்ளைக்கார டாக்டர், அத்தனை வார்டு, அத்தனை நோயாளி. அதற்கு நடுவில் என் பெயர் அங்கே ஞாபகத்தில் இருக்கிறது. கதிர் அறையில் வந்த அதே சிலிர்ப்பு வந்தது. நான் அழத் தொடங்கிவிட்டேன். நான் அழுததைப் பார்த்துத் தேவகி அழுதாள், தேவகியைப் பார்த்து மற்றவர்கள் ஒப்பாரிக்கே தயாராகிவிட்டார்கள். தவுக்கே முக்காலியை இழுத்துப் போட்டு ஒரு காப்பியும் கொண்டுவந்து வைத்தார்.

"அழறத நிறுத்துங்க, நிமிஷம் ஓடுது" என்று அதட்டினார் எஸ்தர். "நூல் ஒன்னு எடுங்க. ரெண்டு கையிலயும் முழங்கைக்கு மேல ஒரே எடத்துல சுத்திப் பாருங்க."

நெறிகளை எடுத்த கையில் நீர் வடிய வழி குறைவு, அதனால் வீங்கும். நூல் இரண்டு கையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்தது. அக்குளிலும் தழும்பிலும் கழுத்தெலும்புக்கு மேலேயும் விரல் நுனியால் எப்படித் தடவிப் பார்ப்பது என்று சொன்னார். கடைக்கு நடுவில், அரிசி மூட்டைக்குப் பின்னால் திரும்பி நின்று, சேலைக்குள் கையை விட்டுத் தடவினேன். ஒன்றும் இல்லை. அடுத்த வாரமே வரச் சொன்னார். பிறகு குரல் மாறியது.

"அஞ்சல வரல. ஆபீசுக்கு ரெண்டு தடவ கூப்பிட்டேன், வேலக்காட்டுல இருக்கு, சொல்றோம்னாங்க. சொன்னாங்களோ என்னமோ. நீங்க போய்ப் பாக்கணும், ராஜம்மா."

மறுநாளே வீட்டுக்காரர் பஸ்ஸில் போனேன். எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளில் அவள் வீட்டு வாசலில் காத்திருந்தேன். அஞ்சலை ரப்பர்ப் பால் சுமக்கிற காண்டா வாளியை வலது தோளில் மட்டும் தாங்கிக்கொண்டு வந்தாள். இடது கை, சட்டைக்கைக்குள் இறுகிப் போகிற அளவுக்குப் பருத்திருந்தது. உள்ளே கூட்டிப்போய் நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். தழும்பின் ஓரத்தில், புளியங்கொட்டை அளவில் ஒன்று கெட்டியாக நின்றது. என் விரலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எடுத்தால் ஏதாவது சொல்ல வேண்டுமே.

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளாத்தான்."

"சிங்கப்பூருக்குப் போவோம் அஞ்சல. மிஸ்ஸி கூப்பிட்டாங்க."

அவள் புருஷன் முனியன் கதவுப் பக்கம் நின்று சொன்னான். "தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சிக்கா. ஊத்துன பெறகு ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சா ஆத்தா கோவிச்சுக்குவா."

நான் எஸ்தர் சொன்னதையெல்லாம் சொன்னேன். சின்னதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்றேன், மன்றாடினேன், கடைசியில் கோபித்துக்கொண்டேன். அஞ்சலை என் கையைப் பிடித்து மெல்லக் கீழே வைத்தாள்.

"இப்பப் போனா, அது போகலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி, ராஜக்கா. எனக்கு அது முடியாது லா."

திரும்பி வரும்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். "பயந்துபோய் நிக்கிறவள தள்ளுனா எறங்க மாட்டா" என்றார் அவர். சரி, தள்ளாமல் எப்படி இறக்குவது என்று கேட்டேன். அவர் பஸ்ஸைத்தான் ஓட்டினார்.

மறுநாள் காலை தேவகி ஒரு கொத்து வேப்பிலையோடு வந்தாள்.

"அக்கா, இரண்டாம் தண்ணீர் எப்போது? நீ பாட்டுக்குச் சும்மா இருக்கிறாய்."

"என்ன இரண்டாம் தண்ணீர்?"

"என் மகனுக்கு அம்மை வந்தபோது மூன்று ஊற்றினோம். உனக்கு ஒன்றுதானே ஊற்றியிருக்கிறது?"

"இது அம்மை இல்லை, தேவகி."

"அப்படியானால் முதல் தண்ணீர் மட்டும் எதற்கு ஊற்றிக்கொண்டாய்?"

வேப்பிலையைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். இந்தக் கேள்வி என் தலையில் ஏன் உதிக்கவில்லை? எங்கள் பக்கமும் அம்மைக்கு மூன்று தண்ணீர்தான். மூன்றாம் தண்ணீர் வரை அம்மை போட்டவளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டோம், வாசலில் வேப்பிலையை எடுக்க மாட்டோம். முதல் தண்ணீரோடு எல்லாம் முடிந்தது என்று மாரியம்மன் சொல்லவில்லை. ஆசையில் நாங்களாகச் சொல்லிக்கொண்டோம்.

கடைக்குப் போய் நானே சிங்கப்பூருக்குக் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறை டாக்டர் பார்த்த பிறகும் ஒரு தண்ணீர் என்று எஸ்தரிடம் சொன்னேன்.

"பெரிய டாக்டர்கிட்ட இத நான் எப்படிச் சொல்றது, ராஜம்மா?"

"ஒன்னும் சொல்ல வேணாம் மிஸ்ஸி. அவரு பாக்கட்டும், நாங்க ஊத்திக்கிறோம்."

"எத்தன தண்ணி?"

"அவரு எத்தன தடவ பாக்கணுமோ அத்தன. கெணத்துல தண்ணிக்கா பஞ்சம்?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. வரும் வழியில் கோயில் வாசலில் நின்று, மூன்றை நீட்டிவிட்டேன் தாயே, பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மனம் உறுத்தவில்லை.

அஞ்சலையிடம் போய் எதுவும் விளக்கவில்லை. லயத்து நிலைப்படியில் வேப்பிலையைச் செருகினேன். அவள் அதையே பார்த்தாள்.

"எதுக்குக்கா?"

"எறங்கிடுச்சின்னு யாரு சொன்னா? மொதத் தண்ணிதான ஊத்துனோம். மூணாந் தண்ணிக்கு முன்னால வேப்பலய எடுத்தது நம்ம தப்பு. டாக்டரு தொட்டுப் பாத்த பெறகு ரெண்டாந் தண்ணி. எனக்கும் இன்னும் ஊத்தல, ரெண்டு பேருக்கும் சேத்து ஊத்திக்குவோம்."

அவள் முனியனைப் பார்த்தாள். முனியன் வேப்பிலையைப் பார்த்தான், பிறகு அவளுடைய பருத்த கையைப் பார்த்தான்.

"மொதத் தண்ணியோட யாரும் நிறுத்த மாட்டாங்கதான்" என்றான். "காலைல பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கறப்ப லீவு கேக்குறேன்."

சிங்கப்பூரில் எஸ்தர் வாசலிலேயே நின்றார். அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகக் கூட்டிப்போனார், பெயர் பதிய ஒன்று, இரத்தத்துக்கு ஒன்று, நெஞ்சுப் படத்துக்கு ஒன்று. காத்திருக்கும் பெஞ்சில் அஞ்சலை என் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள், நானும் விடுவித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். அவளுக்கு அந்த இடத்தை மரத்துப்போக வைத்து, கட்டியைச் சுற்றியிருந்த சதையோடு வெட்டி எடுத்தார்கள். எடுத்ததைப் பூதக்கண்ணாடிக்கு அனுப்பினார்கள். அது புற்றா, புற்றானால் முழுதும் வந்ததா என்பது பிறகுதான் தெரியும். தையல் பிரித்த பிறகு ஊருக்குப் போங்கள், முடிவைப் போனில் சொல்கிறேன் என்றார் எஸ்தர்.

அஞ்சலையை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். முனியனும் வந்துவிட்டான். அந்த நாட்களில் தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் மூன்று பேரும் எழுந்து நின்றோம். என் வீட்டுக்காரர் அவளுக்கும் சேர்த்துப் பின்னல் போட்டார், அவர் கை இன்னும் திருந்தவில்லை. தேவகி மட்டும் அண்டாவைத் தேய்த்து வெயிலில் வைத்து, வேப்பிலையும் போட்டுவிட்டாள். "முடிவு தெரியாமல் எதற்கு?" என்று கேட்டேன். "தண்ணீர் காய நேரமாகுமே" என்றாள்.

தவுக்கே வந்தார். இந்த முறை ஓடவில்லை, மெதுவாகவே வந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடையில் ரிசீவரை நான் எடுக்கப் போனேன். அஞ்சலை என் கையை விலக்கிவிட்டுத் தானே எடுத்தாள். பிறந்ததிலிருந்து டெலிபோனைத் தொடாதவள். தலைகீழாகப் பிடித்தாள், தவுக்கே திருப்பிக் கொடுத்தார். நான் அவள் காதோடு என் காதை ஒட்டிக்கொண்டேன்.

"அஞ்சல, நல்லாக் கேளுங்க. அது அதேதான். புற்றுதான்."

அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேக்குதா? ஆனா சின்னது. சுத்தி எடுத்த சதையில ஒன்னுமில்ல, ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. முழுசா வந்திடிச்சி. நீங்க வந்தீங்க, அதனால பிடிச்சோம். அந்த எடத்துல திரும்பக் கதிர் வைக்க முடியாது, அதனால நாங்க பாத்துக்கிட்டே இருக்கணும். வருவீங்களா?"

அஞ்சலை கண்ணைத் திறந்தாள். பிறகு, எதிரில் இருக்கிறவரிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"அப்ப ரெண்டாந் தண்ணி ஊத்தலாமா, மிஸ்ஸி?"

சிலுவை போட்ட எஸ்தர் அங்கிருந்து சொன்னார். "ஊத்துங்க. தையல் போட்ட எடத்துல மஞ்ச படக் கூடாது. கடைசித் தண்ணி இல்ல, ஞாபகம் வெச்சுக்குங்க."

அஞ்சலை ரிசீவரை இரண்டு கையாலும் தவுக்கேயிடம் கொடுத்தாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியது. வாசலில் முனியன் நின்றான், அவன் பின்னால் தேவகியும் தெருப் பெண்களும் நின்றார்கள். யாருக்கும் கேட்கத் துணிவு வரவில்லை. தவுக்கேதான், எங்கள் தமிழ் ஒரு வார்த்தையும் புரியாதவர், அவள் முகத்தைப் பார்த்து அதே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சியாப்பா மாத்தி?"

அஞ்சலை வீங்கிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரும் சாகல, தவுக்கே" என்றாள். "யாரும் சாகல."